கேள்வி – பதில்: தலைக்கு மேல் தாழப் பறக்கும் சிறு விமானங்கள்

கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் பலர் தனியார் சிறு விமானங்கள் தாழப் பறப்பது பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள். விமானப் பயிற்சியிலும் வான் பாதுகாப்பிலும் தேர்ந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் அடுக்குமாடிக்கு மேலே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று ஜன்னல் அதிரப் பறக்கிறது. இந்த உயரத்துக்குக் கீழே வரக்கூடாது என்று சட்டம் ஏதும் உண்டா? கீழே நிற்கிற நாங்கள் உயரத்தை எப்படிக் கணிப்பது?
– செந்தூல் வாசகர்

உண்டு. ஐ.சி.ஏ.ஓ. என்ற உலக விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த வான்விதிகள்தான் மலேசியாவிலும் அடிப்படை. ஊர், நகரம், திறந்தவெளிக் கூட்டம் இவற்றுக்கு மேலே பறக்கும் விமானம், தன்னைச் சுற்றி 600 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மிக உயரமான தடையைவிட 300 மீட்டராவது, அதாவது 1,000 அடியாவது, உயரத்தில் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் தரையிலிருந்தோ நீரிலிருந்தோ 150 மீட்டர், அதாவது 500 அடி. ஓடுபாதையிலிருந்து ஏறும்போதும் அதில் இறங்கும்போதும் இது பொருந்தாது. அதிகாரிகள் தனியாக அனுமதி கொடுத்த பறப்புகளுக்கும் விலக்கு உண்டு.

பலர் கோட்டை விடுவது அந்த 600 மீட்டரில்தான். விமானம் சரியாக ஒரு பள்ளி மைதானத்துக்கு மேலே பறந்தாலும், அரை கிலோமீட்டர் தள்ளி 100 மீட்டர் உயர அடுக்குமாடி இருந்தால் தரையிலிருந்து 400 மீட்டரில் பறக்க வேண்டும். பெட்ரோனாஸ் கோபுரங்களின் உயரம் 451.9 மீட்டர், அவற்றின் அருகே இந்தக் கணக்கு 752 மீட்டராகிறது. 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118 கோபுரத்துக்கு அருகே 979 மீட்டர்.

இன்னொரு வாசகமும் அதே விதியில் இருக்கிறது, அதை நினைவில் வைத்திருக்கும் விமானிகள் குறைவு. அவசரம் நேர்ந்தால் கீழே உள்ளவர்களுக்கும் உடைமைக்கும் பெரிய ஆபத்தில்லாமல் இறங்க முடிகிற உயரத்தில் பறக்க வேண்டும் என்கிறது அது. செஸ்னா 172 என்பது நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். எஞ்சின் நின்றால் அது ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 2.7 கிலோமீட்டர் மிதந்து செல்லும், அதுவும் காற்று எதிர்க்காவிட்டால். செந்தூலைச் சுற்றி 2.7 கிலோமீட்டருக்குள் ஆளில்லாத, கம்பியில்லாத, 400 மீட்டர் நீள வெளி எத்தனை இருக்கிறது? ஆகவே கோலாலம்பூருக்கு மேலே 1,000 அடி என்பது சட்டத்தின் கடைசி எல்லை. அதுவே போதும் என்று நினைப்பவர் நல்ல விமானி அல்ல.

உயரத்தைக் கணிக்க ஓர் அடிக்கோலும் 60 சென்டிமீட்டர் நூலும் போதும். நூலைக் கோலில் கட்டி, மறுமுனையைக் கண்ணருகே பிடித்து, நூல் விறைக்கும்படி கோலை நீட்டுங்கள். விமானம் நேர் தலைக்கு மேலே வரும்போது இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோலில் எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். செஸ்னா 172-இன் இறக்கை விரிப்பு 11 மீட்டர். பைப்பர் வகைச் சிறு விமானங்களும் ஏறக்குறைய அதே அளவுதான். கோலில் 2 சென்டிமீட்டர் தெரிந்தால் விமானம் சுமார் 330 மீட்டரில் இருக்கிறது. 3 என்றால் 220. 4.4 என்றால் 150. விமானம் தலைக்கு நேரே இல்லாமல் பாதி வானத்தில், 45 பாகையில் இருந்தால் கிடைத்த எண்ணை 0.7-ஆல் பெருக்குங்கள். கோல் கையில் இல்லையா? நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம் 2 சென்டிமீட்டருக்குப் பக்கம்தான். இறக்கை விரலுக்குப் பின்னால் மறைந்தால் 300 மீட்டர் வாக்கில் இருக்கிறது. விரலைப்போல இரண்டு பங்கு தெரிந்தால் 150.

இரைச்சலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். முழு விசையில் ஏறுகிற விமானம் 400 மீட்டரிலும் காதைத் துளைக்கும். விசை குறைத்துத் தாழ வருவது சத்தமே இல்லாமல் வரும்.

விமானங்களைக் காட்டும் கைப்பேசிச் செயலியில் 700 அடி என்று வந்தது. அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். சாட்சியாகுமா?
– ஷா ஆலாம் வாசகர்

துணைச் சான்றாக உதவும், ஆனால் அந்த எண்ணை அப்படியே உயரமாக எடுக்க முடியாது. செயலி பெரும்பாலும் காட்டுவது 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்ட உயரம். அன்றைய அழுத்தம் 1009 என்றால், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி வீதம், விமானம் உண்மையில் நூறு அடிக்கு மேல் தாழ இருந்திருக்கும். அது கடல் மட்டத்திலிருந்து வரும் கணக்கு என்பதும் முக்கியம். நீங்கள் நிற்கும் தரை கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவோ, அதையும் கழிக்க வேண்டும். 700 என்று திரையில் தெரிந்தது உங்கள் கூரையிலிருந்து 450 அடியாகவும் இருக்கலாம். சில சிறு விமானங்களில் சமிக்ஞை அனுப்பும் கருவியே இருக்காது. செயலியில் தெரியாதது பறக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

மகன் தனியார் விமானி உரிமம் வாங்கிவிட்டான். அடுத்த வாரம் சுபாங்கிலிருந்து கிளம்பி எங்கள் தாமானுக்கு மேலே தாழ வந்து இறக்கையை ஆட்டிக் காட்டுகிறேன், எல்லாரும் வெளியே வந்து நில்லுங்கள், தங்கச்சியை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள் என்கிறான். அத்தை, மாமா எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறோம். பெருமையாக இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. பயப்பட வேண்டுமா?
– கிள்ளான் வாசகி

அம்மா, வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆசையாகச் சொல்கிற பிள்ளையைத் தடுப்பது கஷ்டம்தான். ஆனால் உரிமம் வாங்கிய புதிதில் உயிரைப் பறிக்கும் வழிகளில் இது மிகப் பழையது. ஏன் என்பதை உங்கள் மகனே படித்துப் பார்க்கும்படி எண்களோடு எழுதுகிறோம்.

ஆபத்து தாழ வரும்போது இருப்பதைவிட, வீட்டைக் கடந்தபின் மேலே இழுத்துத் திரும்பும் அந்தப் பத்து விநாடியில் அதிகம். மகன் 120 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 222 கிலோமீட்டரில், வருகிறார் என்று வையுங்கள். மூக்கை மேலே இழுக்கிறார். வேகம் உயரமாக மாறுகிறது. 60 நாட்டுக்கு வந்துசேரும்போது, காற்றின் உராய்வையும் எஞ்சின் விசையையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 475 அடி ஏறியிருப்பார். பார்ப்பவர்களுக்கு அது அழகாகத் தெரியும். இந்த இடத்தில்தான் அவர் திரும்பிப் பார்ப்பார், நீங்கள் கையசைக்கிறீர்களா என்று.

செஸ்னா 172 எஸ் முழு எடையில், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை) இறக்காமல், இறக்கை சமமாக இருக்கும்போது ஏறக்குறைய 48 நாட்டில் ஸ்டால் ஆகும். அதாவது இறக்கை தாங்குசக்தியை இழக்கும். உயரம் இழக்காமல் 45 பாகை சாய்த்துத் திருப்பினால் அந்த வேகம் 1.19 மடங்காகி 57 நாட் ஆகிறது. 60 பாகை சாய்த்தால் 1.41 மடங்கு, 68 நாட். அவரிடம் இருப்பதோ 60. சாய்வு கொஞ்சம் கூடினாலே விமானம் பறப்பதை நிறுத்திவிடும். இதற்கு மேல், வீடு கண்ணில் படவேண்டுமே என்று காலால் ரட்டரை (வாலில் உள்ள திசைப் பலகையை) அழுத்தி மூக்கை உள்பக்கம் தள்ளுவார்கள். அந்த நிலையில் ஸ்டால் ஆனால் ஓர் இறக்கை முந்திக்கொண்டு விழும். விமானம் சுழலத் தொடங்கும். ஒரே ஒரு சுற்றுச் சுழலிலிருந்து மீள 172-க்குச் சுமார் 1,000 அடி தேவை. அவரிடம் ஐந்நூறு, அறுநூறு அடிதான் இருக்கும். ஆசிரியரோடு ஸ்டால் பழகியபோது 3,000 அடியில் பழகியிருப்பார். அங்கே தவறினாலும் திருத்த இடம் இருந்தது.

நம் ஊர் வெயிலும் இதில் சேர்கிறது. விமானத்துக்குப் பொதுவாகச் சொல்லும் ஏறும் வேகம், எஞ்சின் விசை எல்லாம் கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியசுக்கு எழுதியவை. மதியம் 33 பாகையில், பாகைக்கு 120 அடி வீதம், சுபாங்கில் நிற்கும் விமானம் 2,000 அடிக்கும் மேலே இருப்பதுபோல் இளைக்கும். நாலு பேரையும் ஏற்றி, டாங்கியையும் நிரப்பினால் 172 எஸ் தன் 1,157 கிலோ எல்லையைத் தாண்டிவிடும். எடை கூடினால் ஸ்டால் வேகமும் கூடும்.

யாரும் பார்க்காத இடத்தில் இப்படிப் பறப்பவர்கள் குறைவு. கீழே ஒரு கூட்டம், கையில் கேமரா, அதுதான் இதைச் செய்யத் தூண்டுகிறது. முதல்முறை தாழ வந்தது வீடியோவில் சரியாக விழவில்லை என்று இரண்டாம்முறை இன்னும் தாழ வருவார்கள். அதனால் தடுக்கும் சக்தி குடும்பத்திடம் இருக்கிறது. அத்தை மாமாவை வீட்டு வாசலுக்கு வரச் சொல்லாதீர்கள், விமான நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். மகன் அழகாக இறங்குவதைப் பார்த்துக் கைதட்டுங்கள். வீட்டை மேலிருந்து காட்ட ஆசை என்றால் உங்களையே ஏற்றிக்கொண்டு, கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியோடு, 1,500 அடிக்குக் குறையாமல், சாய்வு 20 பாகைக்கு மிகாமல் ஒரு சுற்று வரட்டும். வீடியோவைத் தங்கச்சி விமானத்துக்குள்ளிருந்து எடுக்கட்டும். தனியார் உரிமத்தில் பயணிகளை ஏற்றலாம். அவர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் கூட்டம் நிரம்பி வழியும்போது சிறு விமானம் வட்டமிட்டுப் படம் எடுக்கலாமா? அங்கே பாதி இடம் காடுதானே?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

கீழே காடா, நகரமா என்பது அன்று பொருட்டல்ல. திறந்தவெளிக் கூட்டம் என்பதால் 300 மீட்டர் விதி வந்துவிடுகிறது. அங்கே தடை என்பது கோயில் கோபுரம் மட்டுமல்ல. 600 மீட்டருக்குள் எழும் மலைச்சரிவும் அதன்மேல் நிற்கும் மரங்களும் கணக்கில் சேரும். பினாங்கு மலைத்தொகுதியின் உச்சி 833 மீட்டர். சரிவுப் பக்கம் போகப் போகத் தரையே விமானத்தை நோக்கி ஏறிவரும்.

அங்கே வட்டமிடுவதில் இன்னொரு கண்ணி உண்டு. 100 நாட்டில் 30 பாகை சாய்த்துத் திரும்பும் விமானத்துக்கு முழு வட்டத்தின் விட்டம் 930 மீட்டருக்கு மேல். காற்று மலைப்பக்கம் தள்ளினால் அதைவிட விரியும். பள்ளத்தாக்கு அதைவிடக் குறுகலாக இருந்தால் உள்ளே போனவர் வெளியே வர முடியாது. மலைக்கு மறுபக்கக் காற்று கீழ்நோக்கி இறங்கும். சிறு எஞ்சினின் ஏறும் சக்தியை அது எளிதில் விழுங்கும்.

டிரோன்களும் இருக்கின்றன. தனி அனுமதி இல்லாமல் டிரோன் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் பறக்கக்கூடாது என்பது மலேசிய வரம்பு. 300 அடியில் வரும் விமானி, டிரோன்களின் வானத்துக்குள் நுழைகிறார். 90 நாட்டில் பறப்பவர் கண்ணில் கையளவு டிரோன் பட்டு, மூளையில் ஏறி, கை அசைவதற்குள் மோதல் முடிந்துவிடும்.

பயிற்சி மாணவன் நான். 500 அடியில் எஞ்சின் நின்றால் எத்தனை நேரம் இருக்கும்? என்ன செய்ய வேண்டும்? மின்கம்பிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– சுபாங் ஜெயா வாசகர்

172 எஸ், 68 நாட்டில் மிதக்கும்போது நிமிடத்துக்கு 700 முதல் 800 அடி இறங்கும். 500 அடியிலிருந்து தரைக்குச் சுமார் 40 விநாடி. எஞ்சின் நின்றது என்று மனம் ஒப்புக்கொள்ளவே நாலைந்து விநாடி போய்விடும். 200 அடி என்றால் மொத்தமே 16 விநாடி.

முதலில் மூக்கைத் தாழ்த்தி 68 நாட்டைப் பிடியுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. மூக்குக்கு இடமும் வலமும் 30 பாகைக்குள் இடம் தேடுங்கள். பின்னால் உள்ள நல்ல இடத்துக்குத் திரும்ப நினைக்காதீர்கள். எரிபொருள் வால்வு இரண்டு டாங்கியிலும் இருக்கிறதா, பம்ப், மிக்ஸ்சர் (எரிபொருள்–காற்றுக் கலவைப் பிடி), மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் சுவிட்ச்), இவற்றை ஒரே கையோட்டத்தில் பாருங்கள். ஐந்து விநாடிக்கு மேல் இதில் செலவிடாதீர்கள். கார்புரேட்டர் உள்ள பழைய 172 என்றால் முதலில் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடியை) இழுங்கள். நம் ஊரில் எங்கே பனிக்கட்டி என்று கேட்காதீர்கள். ஈரம் மிகுந்த காற்றில் 30 பாகைக்குப் பக்கத்திலும், விசை குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் கட்டி பிடிக்கும். தாழ்ந்து பார்க்க விசை குறைத்தவர் திரும்ப விசை கேட்கும்போதுதான் எஞ்சின் இருமும். பிறகு நேரமிருந்தால் வானொலியில் மேடே என்ற ஆபத்து அழைப்பு. தரைக்கு முன் எரிபொருளை அடைத்து, மேக்னெட்டோவை நிறுத்தி, ஃபிளாப் இறக்கியபின் மாஸ்டர் சுவிட்சையும் அணைத்து, கதவைத் தாழ் நீக்கி வையுங்கள். மோதலில் விமானத்தின் உடல் நெளிந்தால் கதவு திறக்காது.

செம்பனைத் தோட்டம் மட்டுமே எதிரே இருந்தால் மரத்தலையையே தரையாக வைத்து, இறக்கையைச் சமமாகப் பிடித்து, ஸ்டாலுக்குச் சற்று மேலான வேகத்தில் அமருங்கள். தண்ணீர் நிற்கும் நெல்வயலில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். முன்சக்கரத்தை முடிந்தவரை தூக்கியே வையுங்கள்.

கம்பியைக் கண்ணால் தேடினால் தாமதமாகிவிடும், மூடுபனிப் புகை இருக்கும் மாதங்களில் தெரியவே தெரியாது. கோபுரத்தையும் கம்பத்தையும் தேடுங்கள். சாலை இருந்தால் கம்பி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்தப் பாதையில் தடித்த மின்கம்பிகளுக்கு மேலே, கோபுர உச்சியில், மெல்லிய பாதுகாப்புக் கம்பி ஒன்று ஓடும். தடித்ததைப் பார்த்துப் பதறி மேலே இழுப்பவர்கள் மெல்லியதில் போய் மாட்டுகிறார்கள். பாதையைக் கடக்க நேர்ந்தால் கோபுரத்துக்கு நேர் மேலே கடங்கள். உயரம் தெளிவாகத் தெரிவது அங்கே மட்டும்தான்.

தாழ்ந்திருக்கும்போது காற்றும் கண்ணை ஏமாற்றும். காற்று முதுகில் 15 நாட் தள்ளினால், 80 நாட் காற்றுவேகத்தில் பறக்கும் நீங்கள் தரைக்கு மேலே 95-இல் ஓடுவீர்கள். வேகம் அதிகம் என்று தோன்றும், கை தானாக விசையைக் குறைக்கும். கருவியைப் பாருங்கள், தரையை நம்பாதீர்கள்.

வேண்டுமென்றே யாரும் தாழப் பறப்பதில்லை. ஈப்போவிலிருந்து பினாங்கு வரும்போது மேகம் கீழே தள்ளினால் என்ன செய்வது?
– பாயான் லெப்பாஸ் விமானி

திரும்பிப் போவது. முடிவைத் தரையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கும்) உள்ள வித்தியாசத்தை 400-ஆல் பெருக்கினால் மேக அடி எத்தனை அடியில் என்பது தோராயமாகக் கிடைக்கும். 33-க்கு 24 என்றால் 3,600 அடி. மழை பெய்து ஓய்ந்து 26-க்கு 24 ஆனால் 800 அடி. தைப்பிங் பக்கம் தீபகற்பத்தில் மழை மிகுந்த பகுதிகளில் ஒன்று. பக்கத்திலேயே புக்கிட் லாருட் 1,200 மீட்டருக்கு மேல் நிற்கிறது. பின்மதியம் அந்த வழி அடைபட்டால் வியப்பில்லை.

பாதையில் உள்ள தடைகளுக்கு மேல் 1,000 அடியும் மேகத்துக்குக் கீழே 500 அடியும் ஒருசேரக் கிடைக்காத நிமிடம் திரும்புங்கள். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தாலே திரும்பும் நேரம் வந்துவிட்டது. முதலில் வேகத்தை 80 நாட்டுக்குக் குறைத்து 10 பாகை ஃபிளாப் வையுங்கள். 30 பாகைச் சாய்வில் திரும்பும் விட்டம் 930 மீட்டரிலிருந்து 600 மீட்டராகச் சுருங்கும். பின்னால் வழி திறந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

கடலுக்கு மேலே கட்டிடமே இல்லை. பத்து பெரிங்கி கடற்கரையை ஒட்டித் தாழ வந்தால் என்ன குற்றம்?
– தஞ்சோங் பூங்கா வாசகர்

நீருக்கு மேலும் 150 மீட்டர் விதி உண்டு. கரையில் விடுமுறைக் கூட்டம் இருந்தால் 300. அலையில்லாத காலைகளில் கண்ணாடிபோல் கிடக்கும் கடலில் உயரமே தெரியாது. ஐம்பது அடியும் ஐந்நூறு அடியும் ஒன்றுபோல் இருக்கும். அங்கே படகுகள் பாராசூட்டில் ஆட்களை இழுக்கின்றன, அந்தக் கயிறு விமானி கண்ணுக்குப் படாது.

எல்மினாவில் விழுந்த விமானமும் தாழப் பறந்ததால்தானே?
– ராவாங் வாசகி

இல்லை. 2023 ஆகஸ்ட் 17-இல் லங்காவியிலிருந்து சுபாங் வந்த அந்த ஜெட், இறங்குவதற்காகவே தாழ வந்துகொண்டிருந்தது. தரை தொட்டபின் விரிக்க வேண்டிய ஸ்பாய்லர்கள் (இறக்கையின் தாங்குசக்தியைக் குறைக்கும் பலகைகள்) வானிலேயே விரிந்ததால் விழுந்தது. விமானத்தில் இருந்த 8 பேரும் சாலையில் சென்ற 2 பேரும் இறந்தார்கள். ஓடுபாதைக்கு நேரே குடியிருப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்: 3 பாகைச் சரிவில் இறங்கும் விமானம், ஓடுபாதை முனையிலிருந்து 2 கிலோமீட்டரில் 120 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அது குற்றமல்ல.

புகார் கொடுக்க வேண்டுமானால் யாரிடம், என்னென்ன எழுத வேண்டும்? பதிவு எண் தெரியவில்லை.
– பட்டர்வொர்த் வாசகர்

மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையம், சி.ஏ.ஏ.எம்., புத்ராஜெயா. விமானியின் உரிமத்தை இடைநிறுத்தவும் ரத்து செய்யவும் அதிகாரம் உள்ள அமைப்பு அது. பக்கத்துப் பறக்கும் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நல்ல சங்கங்களில் தலைமைப் பயிற்சியாளர் அன்றைக்கே விசாரிப்பார், சில சமயம் அதுவே போதும்.

பதிவு எண் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். நேரம்தான் முதல் தடயம்: நிமிடம் வரை எழுதினால் கட்டுப்பாட்டு நிலையத்தின் ரேடார், வானொலிப் பதிவுகளோடு ஒப்பிட முடியும். அவற்றைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது உலக விதி. அதனால் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். நீங்கள் நின்ற இடம், விமானம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது, எத்தனை முறை வந்தது, இறக்கை விமானி அறைக்கு மேலேயா கீழேயா, எத்தனை எஞ்சின், நிறம், வால்பக்கக் கோடு. மலேசியப் பதிவு 9எம் என்று தொடங்கும். பின்னால் வரும் மூன்று எழுத்தில் ஒன்று தெரிந்தாலும் எழுதுங்கள். படம் எடுத்தால் விமானத்தை மட்டும் பெரிதாக்கி எடுக்காதீர்கள். பக்கத்துக் கட்டிடமோ மின்கம்பமோ படத்துக்குள் இருக்கட்டும், அளக்க அதுதான் உதவும். வெட்டாத, வடிகட்டி போடாத மூலக் கோப்பையே அனுப்புங்கள்; வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நேரப் பதிவு அழிந்துவிடும், மின்னஞ்சலில் இணையுங்கள்.